மஞ்சள் பலூன் கட்டினால் ஆசை போய்விடுமா?

பேஸ்கிற்றார்:
"குடியை விட்டவன் இசை விழாவுக்குப் போனால், அவன் இன்னும் விடவில்லை என்றுதான் அர்த்தம்." நேற்று வேறோர் இடத்தில் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார், அதற்குக் கைதட்டல் வேறு. வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நான் அல்கஹோலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டங்களுக்குப் போகிறவன், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு அது. அங்கே பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் எந்தப் படியிலும் பாட்டுக் கேட்காதே என்று இல்லை. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ரசிகர்கள் 1980களிலேயே இதற்கு வழி கண்டுவிட்டார்கள். 'வார்ஃப் ராட்ஸ்' என்று பெயர். நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் ஒரு மேசை, அதில் மஞ்சள் பலூன். இடைவேளையில் குடியையும் போதையையும் விட்டவர்கள் அங்கே கூடிக் கொஞ்சம் பேசுவார்கள், அப்புறம் போய் ஆடுவார்கள். கொழும்பிலும் அப்படி ஒரு மேசை போட்டால் என்ன?

கொட்டாஞ்சேனையான்:
பலூனா? யாருக்குத் தம்பி பிறந்தநாள்? சுற்றிவரப் பியர் கானோடு சனம் நிற்கும்போது உங்கள் பலூன் என்ன செய்யும்?

பேஸ்கிற்றார்:
பலூன் ஒன்றும் செய்யாது. அதற்குக் கீழே நிற்கிற ஆட்கள் செய்வார்கள்.

கொட்டாஞ்சேனையான்:
அப்படியென்றால் ஆட்கள் போதுமே. பலூன் எதற்கு?

காலிமுகக்காற்று:
ஆளைத் தேடிப் பிடிக்கத்தான் அண்ணன். சுகததாச மைதானம் நிரம்பி வழியும்போது கூட வந்தவரைத் தொலைத்திருக்கிறீர்களா? போனும் எடுபடாது. அந்த நேரத்தில் "ஒன்று மட்டும் அடிப்போமா" என்று மனம் சொன்னால், ஓடிப்போய் நிற்க ஓர் இடம் வேண்டும்.

கொட்டாஞ்சேனையான்:
ஓடிப்போகத்தான் வேண்டுமென்றால் வீட்டுக்கு ஓடலாமே! இன்னொன்றும் சொல்கிறேன். அந்த இசைக்குழுவின் ஜெரி கார்சியா 1995 ஓகஸ்டில் எங்கே இறந்தார் என்று தேடிப் பாருங்கள். போதை மறுவாழ்வு நிலையத்தில். மேடையில் நின்றவரையே காப்பாற்றாத பலூன் உங்களைக் காப்பாற்றுமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேசை போடுங்கள்.

பேஸ்கிற்றார்:
அவர் இறந்தது மாரடைப்பால். அதோடு மேசை ரசிகர்கள் போட்டது, இசைக்குழு போட்டதல்ல.

கொட்டாஞ்சேனையான்:
ஆக, பலூன் அவரைக் காப்பாற்றவில்லை. ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

பேஸ்கிற்றார்:
எங்கே ஒத்துக்கொண்டேன்?

இடியப்பத்தட்டு:
பலூனை விடுங்கள் இரண்டு பேரும். என் வீட்டுக்காரர் குடியை விட்ட பிறகு அவருக்கு ஆபத்தான இடம் கச்சேரி இல்லை, கலியாண வீடு. கச்சேரியில் யார் என்ன குடிக்கிறார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. கலியாண வீட்டில் மாமாமார் தோளில் கைபோட்டுப் பின்வளவுக்குக் கூட்டிப்போய், "ஒரு பெக்தானே மருமகன்" என்று போத்தலைத் திறப்பார்கள். வேண்டாம் என்றால் மரியாதை இல்லையாம். அதைப் பற்றி யாராவது எழுதுங்களேன்.

கொட்டாஞ்சேனையான்:
தங்கச்சி, கலியாண வீட்டில் பலூன் ஏற்கெனவே கட்டியிருக்கும். அங்கேயும் வேலை செய்யவில்லை, பார்த்தீர்களா?

இடியப்பத்தட்டு:
இதுதான் உங்கள் பதிலா? நல்லது.

பழையபல்லவி:
இசை வேண்டுமென்றால் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் இருந்து கர்நாடகக் கச்சேரி கேளுங்கள். மது வாடையே வராது. உங்கள் காது கிழிகிற சத்தத்துக்குப் பெயர் இசையா? இல்லாவிட்டால் பௌர்ணமிப் போயா நாளில் விழா வையுங்கள், அன்று நாடு முழுக்க மதுக்கடைக்குப் பூட்டு.

காலிமுகக்காற்று:
ஐயா, போயாவுக்கு முதல் நாள் மாலை மதுக்கடை வாசலில் நிற்கிற வரிசையை நீங்கள் பார்த்ததில்லைப் போல.

பேஸ்கிற்றார்:
மறுபடி விஷயத்துக்கு வருவோம். ஏஏ 1935இல் தொடங்கியது. 1939இல் வந்த அவர்களின் நூலிலேயே, மது இருக்கும் இடத்துக்குப் போவதைப் பற்றி இருக்கிறது. அங்கே போக நல்ல காரணம் இருக்கிறதா, மனநிலை திடமாக இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள், இருந்தால் பயப்படாமல் போ என்பதுதான் அதன் சாரம். தடை எங்கே இருக்கிறது?

கொட்டாஞ்சேனையான்:
அந்த நூலில் பலூன் இருக்கிறதா? இல்லை. வார்ஃப் ராட்ஸுக்கும் ஏஏவுக்கும் அதிகாரபூர்வத் தொடர்பும் இல்லை. நீங்கள் இரண்டையும் சேர்த்துக் குழைத்துப் பரிமாறுகிறீர்கள். போன முறை 'சீரோ' பியர் குடித்தால் தவறில்லை என்று இதே இடத்தில் வாதாடியதும் நீங்கள்தானே? பல நாடுகளில் அரை வீதம் வரை மதுசாரம் இருந்தாலும் மதுவற்றது என்று விற்கலாம் என்று நான் சொன்னபோது ஆளையே காணவில்லை. அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

பேஸ்கிற்றார்:
அன்று எனக்கு இரவு வேலை. ஓடவில்லை. தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவும் இல்லை, மேலே போய் வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனையான்:
வாசித்தேன். பலூன்தான் தெரிகிறது.

வடக்குவாசல்:
கொழும்பாருக்கு மேசை, பலூன், இடைவேளை எல்லாம் வேணும். எங்கட பக்கம் இதெல்லாம் இல்லாமலே கோயில் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரமும் தவிலும் கேட்கிறோம். ஒருவரும் வெறியில் ஆடுவதில்லை.

காலிமுகக்காற்று:
அண்ணை, 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாட வந்தபோது தடுப்பை உடைத்துக்கொண்டு மேடைப்பக்கம் பாய்ந்தது எந்த ஊர்ச் சனம்?

வடக்குவாசல்:
அது ஏற்பாட்டுப் பிழை. குடியால் வந்தது என்று யார் சொன்னது? கொழும்பில் நடந்தால் "உற்சாகம்", எங்கட இடத்தில் நடந்தால் "கலவரம்".

கொட்டாஞ்சேனையான்:
முற்றவெளியிலும் ஒரு பலூன் கட்டியிருக்கலாம்.

இடியப்பத்தட்டு:
குடியை விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், இங்கே நிற்காமல் ஹோர்ட்டன் பிளேஸ் மெல் மெதுறவுக்குப் போய்க் கதையுங்கள். குடி, போதையிலிருந்து மீள்பவர்களுக்காகச் சுமித்ரயோ தொண்டு அமைப்பு நடத்துகிற இடம். இவர்களோடு கதைப்பதைவிட அது பிரயோசனம்.

கொட்டாஞ்சேனையான்:
நான் அவர்களுக்கு எதிராக ஒரு சொல் சொன்னேனா? நான் கேட்பது ஒரே கேள்வி. பலூன் எதற்கு?

பேஸ்கிற்றார்:
மூன்றாவது தடவை. ஆளைத் தேட!

கொட்டாஞ்சேனையான்:
கொடி வைக்கலாமே. காற்றும் போகாது.

பழையபல்லவி:
இருட்டில் மஞ்சள் எப்படித் தெரியும்?

வடக்குவாசல்:
முற்றவெளியைப் பற்றி எழுதியவர் அன்று அங்கே வந்திருந்தாரா? அதைச் சொல்லட்டும் முதலில்.

காலிமுகக்காற்று:
வீடியோவில் பார்த்தேன்.

வடக்குவாசல்:
வீடியோவில்! சரி, சரி.