சேலத்துக்காரங்களே, கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தைங்க உங்களுக்கு எப்படி ஒட்டுச்சு? அனுபவத்த சொல்லுங்க

அஸ்தம்பட்டி டியூஷன் அக்கா:

சாயங்காலம் வீட்லயே எஸ்எஸ்சி, பேங்க் எக்ஸாம் எழுதற பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன். ஓமலூர், அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடின்னு எல்லா பக்கத்துலருந்தும் வர்றாங்க, பாதிக்கு மேல தமிழ் மீடியம். வர்றப்பவே தடியா ஒரு நோட்டு கொண்டு வருவாங்க, இந்தப் பக்கம் இங்கிலீஷ் வார்த்தை அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம், ராத்திரி கண்ணு முழிச்சு எழுதினது. மிட்டிகேட்னா 'தணித்தல்', அலீவியேட்னா 'தணித்தல்', அஸ்வேஜ், மாலிஃபை எல்லாத்துக்கும் அதே 'தணித்தல்' தான். பத்தில விட்ட இடத்த நிரப்பற க்ளோஸ் டெஸ்ட்ல இந்த நாலும் ஆப்ஷனா வந்தா எதப் போடறதுன்னு முழிக்கறாங்க, ஏன்னா மிட்டிகேட் கூட ரிஸ்க், இம்பாக்ட் வரும், அலீவியேட் கூட பாவர்ட்டி, பெயின் வரும், அஸ்வேஜ் கூட கில்ட், ஃபியர், மாலிஃபை பண்றதுன்னா கோவமா இருக்கற ஆளத்தான். எது எதோட சேரும்ங்கறது அந்த நோட்டுல எங்கயுமே இல்ல. பசங்க மேல குத்தமே கிடையாது, அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. நம்ம ஊர்ல இப்படிப் படிச்சு மேல வந்தவங்க நிறைய பேர் இருப்பீங்க, உங்களுக்கு எப்படி பிடிபட்டுச்சுன்னு எழுதுங்க, என் பசங்களுக்குக் காட்டணும்.

செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறை:

அக்கா, நான் வெளிநாட்டுல மேல்படிப்புக்குக் கேக்கற ஜிஆர்இ பரீட்சை எழுதினவன். அப்பாவுக்கு கொலுசுப் பட்டறை. 2011-க்கு அப்புறம் ஜிஆர்இ-ல எதிர்ச்சொல் கேக்கற ஆன்டனிம், வார்த்தை ஜோடிய ஒப்பிடற அனாலஜி எல்லாம் எடுத்துட்டாங்க, இப்ப வாக்கியத்துல கோடிட்ட இடம் தான், அதுலயும் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ்னு ஒண்ணு, ஆறு ஆப்ஷன்ல ஒரே மாதிரி அர்த்தம் தர்ற ரெண்ட எடுக்கணும், ரெண்டும் சரியா இருந்தா தான் மார்க்கு. அதனால நீங்க சொல்றது நூத்துக்கு நூறு.

எனக்கு எப்படி ஒட்டுச்சுன்னா, பட்டறையிலருந்து தான். வெள்ளி காத்துல இருக்கற கந்தகத்தோட சேர்ந்து கறுத்துப் போறத பொறந்ததுலருந்து பாக்கறேன், அதுக்குப் பேரு டார்னிஷ். ஒரு நாள் பேப்பர்ல ஒரு மந்திரியப் பத்தி டார்னிஷ்ட் ரெபுடேஷன்னு போட்டிருந்தாங்க, படிச்ச உடனே மனசுல ஒக்காந்துக்கிச்சு, யாரும் அர்த்தம் சொல்லத் தேவைப்படல. அப்புறம் தேட ஆரம்பிச்சேன். மெருகு போடறது பர்னிஷ், இமேஜ பர்னிஷ் பண்றாங்கன்னு எழுதறாங்க. 92.5 சதவீதம் சுத்த வெள்ளி இருந்தா ஸ்டெர்லிங், ஒருத்தரோட சேவை ஒசத்தின்னாலும் ஸ்டெர்லிங் சர்வீஸ். செம்பு கலந்தா அலாய், கலப்பே இல்லாத சந்தோஷம் அன்அலாய்ட் ஜாய். வெள்ளி எவ்ளோ சுத்தம்னு நம்ம டச் பாக்கறோம்ல, அது தான் அஸே. ஜிஆர்இ லிஸ்ட்ல பாக்கற ஆளுங்களுக்கு இதெல்லாம் பயமுறுத்தற வார்த்தை, எனக்கு அப்பாவோட கைவேலை. லிஸ்ட்ட மேலருந்து கீழ ஓட்டறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுத் தொழில்ல இங்கிலீஷ்ல என்னென்ன இருக்குன்னு தோண்டிப் பாருங்கன்னு பசங்க கிட்ட சொல்லுங்க அக்கா.

ஜங்ஷன் பக்கம்:

எல்லாம் சரிங்க, ஆனா எக்ஸாமுக்கு மூணு மாசம் இருக்கறவன் கிட்ட போய் தோண்டுன்னு சொன்னா எப்படி? லிஸ்ட்டும் வேணும், ரிவிஷன் தான் முக்கியம். படிச்சது எவ்ளோ வேகமா மறக்குதுன்னு எபிங்ஹவுஸ்ங்கற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 1885-லயே தன் மேலயே சோதனை பண்ணி எழுதிட்டாரு, மறக்கப் போற நேரத்துல திரும்ப ஞாபகப்படுத்துனா நிக்கும். கேள்வி ஒரு பக்கம் பதில் ஒரு பக்கம்னு கார்டு போட்டுப் படிக்கற ஆன்கி ஆப் இலவசமா கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம், எந்தக் கார்ட எப்பத் திரும்பக் கேக்கணும்னு அதுவே கணக்கு வச்சு கேக்கும். ஒண்ணே ஒண்ணு, கார்டுல தமிழ் அர்த்தம் போடாம முழு வாக்கியம் போட்டு வார்த்தைய மட்டும் காலியா விடுங்க, அப்ப அக்கா சொல்ற பிரச்சனையும் தீரும்.

குகை நர்ஸ்:

செவ்வாப்பேட்டை தம்பி எழுதினதப் படிச்சதும் ஒரு நிமிஷம் அப்படியே ஒக்காந்துட்டேன், ஏன்னா எனக்கும் இதே தான். வெளிநாடு போக எழுதற இங்கிலீஷ் பரீட்சை ஐஈஎல்டிஎஸ்-க்கு தயாரானேன், ஸ்பீக்கிங்ல நாலு விஷயம் பாப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் சம மார்க்கு, அதுல ஒண்ணு லெக்ஸிகல் ரிசோர்ஸ், அதாவது வார்த்தை வளம். பேண்ட் ஏழுக்கு, அதாவது ஏழு மார்க்குக்கு, என்ன வேணும்னு அவங்களே வெளிய போட்டிருக்கறதுல கொலொகேஷன் பத்தின கவனமும் இருக்கு, அதாவது எந்த வார்த்தை எதோட சேரும்ங்கறது. நமக்கு வார்டுல தான் எல்லாமே இருக்குங்க. மூச்சுத் திணறல் பேஷன்ட் கேஸ் ஷீட்ல அக்யூட் எக்ஸாசர்பேஷன்னு டாக்டர் எழுதறத வருஷக்கணக்கா பாக்கறேன், இருந்த வியாதி திடீர்னு மோசமாகறது. அதையே நோய்ன்னு இல்லாம எந்தப் பிரச்சனைக்கும் எக்ஸாசர்பேட்னு சொல்லலாம்னு தெரிஞ்சப்ப வந்த தெம்பு இருக்கே! க்ரானிக் ஷார்ட்டேஜ் (தீராத பற்றாக்குறை), லேட்டன்ட் டேலன்ட் (வெளிய தெரியாத திறமை), பாலியேட்டிவ் (குணமாக்காம வேதனைய மட்டும் குறைக்கறது), டார்மன்ட் (செயல்படாம உறங்கிக் கிடக்கறது) எல்லாம் அப்படித்தான் வந்துச்சு. ஆபத்தில்லாத கட்டி பெனைன், புத்துநோய்க் கட்டி மேலிக்னன்ட், ரெண்டுலயும் முன்னாடி இருக்கற பெனெ, மலெ லத்தீன்ல நல்லபடி, கெட்டபடின்னு அர்த்தம், அத வச்சே பெனிஃபாக்டர், பெனவலன்ட், மேலிஸ், மேலவலன்ட்னு ஒரு கூட்டமே பிடிச்சிட்டேன். நைட் டூட்டில கூட இருக்கற பொண்ணுங்களும் நானும் இத ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லியே பேசிப் பழகினோம்.

ஏற்காடு எஸ்டேட் பையன்:

எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்து ஓய்வான ஒரு ஐயா, நான் காப்பித் தோட்டத்து வேலை முடிஞ்சு போனா புக்கு குடுப்பாரு. அவர் வச்ச சட்டம் ஒண்ணே தான்: ஒரு பக்கத்துல சுமார் முந்நூறு வார்த்தை இருந்தா ஆறுக்கு மேல தெரியாத வார்த்தை இருக்கக் கூடாது, இருந்தா அத எடுத்து வச்சிட்டு லேசான புக்கு எடு. பின்னாடி காலேஜ்ல தான் தெரிஞ்சுது இது ஆராய்ச்சில வந்த கணக்குன்னு, நியூசிலாந்துல பால் நேஷன்ங்கறவர் தெரிஞ்ச வார்த்தை 98 சதவீதம் இருந்தா தான் துணையில்லாம படிச்சுப் புரிஞ்சுக்க முடியும்னு சொல்றாரு, நாவல், நியூஸ்பேப்பருக்கு எட்டாயிரத்துலருந்து ஒம்பதாயிரம் வார்த்தைக் குடும்பம் வேணுமாம். குடும்பம்னா அசெஸ், அசெஸ்மென்ட், ரீஅசெஸ் எல்லாம் சேர்த்து ஒண்ணு.

தொழில் வார்த்தைக்கு என்கிட்டயும் இருக்கு. கவாத்து பண்றது ப்ரூனிங், பட்ஜெட்டையும் ப்ரூன் பண்றாங்க. பழத்த தோல் உரிச்சு தொட்டில போட்டா ஃபெர்மென்ட் ஆகும், ஊர்ல கொந்தளிப்பு இருந்தா அது பொலிட்டிகல் ஃபெர்மென்ட். அந்த ஐயா முன்னாடி நான் இத சொன்னப்ப அவர் முகத்துல வந்த சந்தோஷத்த எழுத எனக்கு வார்த்தை இல்ல.

அம்மாப்பேட்டை காலேஜ் பொண்ணு:

அக்கா எனக்கு ஒரு சந்தேகம். எங்க அப்பா பஸ் கண்டக்டர், வீட்ல இந்த மாதிரி வெள்ளி, காப்பி எதுவும் இல்ல. நான் எங்க ஆரம்பிக்கறது?

அஸ்தம்பட்டி டியூஷன் அக்கா:

ஏன் இல்லம்மா, தாராளமா இருக்கு. பஸ் பாஸ் கன்செஷன் தெரியும்ல, பேச்சுவார்த்தைல விட்டுக் குடுக்கறதும் கன்செஷன் தான், மேக் எ கன்செஷன். அதோட வினை கன்சீட் (concede), தோல்விய ஒத்துக்கறது கன்சீட் டிஃபீட். பாஸ் வேலிட், டேட் தாண்டினா இன்வேலிட், வேலிட் ஆர்க்யுமென்ட், இன்வேலிடேட். பஸ்ஸு போய் நிக்கற டெர்மினஸ்லருந்து டெர்மினேட் எ கான்ட்ராக்ட். அப்பா கிட்ட ஒக்காந்து டிக்கெட் பின்னாடி, டிப்போ நோட்டீஸ்ல என்னென்ன இங்கிலீஷ் வார்த்தை வருதுன்னு கேட்டு எழுது, அவருக்கும் பெருமையா இருக்கும்.

அதோட படிப்பு சம்பந்தமான எழுத்துல அடிக்கடி வர்ற வார்த்தைங்கள வச்ச அகாடெமிக் வேர்ட் லிஸ்ட் டவுன்லோட் பண்ணிக்கோ, 2000-ல ஆவ்ரில் காக்ஸ்ஹெட் வெளியிட்டது, 570 வார்த்தைக் குடும்பம், பத்து பகுதி, அதிகமா வர்றது முதல்ல இருக்கும். ஜங்ஷன் பக்கம் தம்பி சொல்ற லிஸ்ட்டுக்கு இது தான் நல்லது, கண்ட புக்குல இருக்கற யாரும் எழுதாத வார்த்தைக்கு உயிர விடாத. அர்த்தம் பாக்க, இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்குன்னே போட்ட லேர்னர்ஸ் டிக்‌ஷனரி வச்சுக்கோ, 1987-ல வந்த கோபில்ட்ங்கற டிக்‌ஷனரி அர்த்தத்தையே முழு வாக்கியமா தரும், எந்த வார்த்தை கூட வருதுன்னு அதுலயே தெரிஞ்சிரும். முதல் பகுதில அஞ்சு வார்த்தை எடுத்து ஒவ்வொண்ணுக்கும் நீயா ஒரு வாக்கியம் எழுதி நாளைக்கு இங்கயே போடு, நான் பாத்து சொல்றேன்.