குதிரில் நெல் எவ்வளவு?

குழு: கொழிஞ்சாம்பாறை வீடு

லீட்ஸ் பாப்பா, மாலை 6.40
எல்லாருக்கும் வணக்கம். அப்புச்சியின் கட்டளைப்படி முழு வாக்கியங்களிலேயே எழுதுகிறேன். இருபத்தெட்டாம் வார இரத்தப் பரிசோதனை முடிவு இன்று வந்தது: ஹீமோகுளோபின் 104, ஃபெரிட்டின் 9. இரண்டாவது பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொள்வது என்று நானும் அவரும் எடுத்திருந்த முடிவு இந்த இரண்டு எண்களால் ஆட்டங்கண்டிருக்கிறது.

மாமா, 6.44
நூற்று நான்கு என்பது காய்ச்சலின் அளவல்லவா? எனக்குப் பதின்மூன்று இருந்ததற்கே டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பொள்ளாச்சிச் சித்தி, 6.51
அண்ணா, இங்கிலாந்தில் ஒரு லிட்டர் இரத்தத்துக்குக் கணக்குச் சொல்வார்கள், நாம் நூறு மில்லிக்குச் சொல்கிறோம். ஆகவே அவளுடைய 104 நமக்கு 10.4. அங்கே இந்த மாதங்களில் 105-க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பார்கள், எனவே மயிரிழையில்தான் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறாள். எனக்குக் கவலை அந்த 9-ஐப் பற்றித்தான். ஹீமோகுளோபின் இன்றைக்கு உலையில் போட்ட அரிசி என்றால், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குதிரில் கிடக்கும் நெல். கர்ப்பிணிக்கு அது 30-க்குக் கீழே வந்தாலே குதிர் வற்றுகிறது என்று பொருள். 9 என்றால் அடியைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு செலவாகும், அதில் தன் பங்கின் பெரும்பகுதியை வயிற்றுப் பிள்ளை இனிமேல்தான் கேட்கும்.

பெரியம்மா, 6.58
இதைப் படித்த பிறகும் வீட்டில்தான் பெறுவேன் என்பாயா, சாமி? உன் அம்மாயி மூன்றாவது பேறுகாலத்தில் நஞ்சுக்கொடி விழாமல் உதிரம் போய், கட்டிலோடு தூக்கி மாட்டுவண்டியில் வைத்துச் சித்தூருக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவச்சி திண்ணையில் உட்கார்ந்து அழுதாளாம். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

லீட்ஸ் பாப்பா, 7.10
பெரியம்மா, நான் கேட்பது அந்தக் காலத்தை அல்ல. இங்கே அரசு மருத்துவச் சேவையின் மருத்துவச்சிகள் இருவர் பிரசவ நேரத்தில் வீட்டுக்கு வருவார்கள். உதிரப்போக்கை நிறுத்தும் ஊசியும் அவர்கள் பையில் இருக்கும். இங்கிலாந்தில் 2011-இல் வெளியான பெரிய ஆய்வில், சிக்கல் இல்லாத கர்ப்பமாக இருந்து வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களில், முதல் பிள்ளைக்காரிகளின் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. இரண்டாவது பிள்ளைக்காரிகளிடம் அப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை. அவர்களிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் நடுவிலோ பெற்றவுடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். அதையும் அறிந்துதான் முடிவெடுத்தோம்.

பொள்ளாச்சிச் சித்தி, 7.21
அந்தக் கணக்கில் “சிக்கல் இல்லாத” என்ற சொல்லை மறக்காதே. வலி தொடங்கும்போது உன் எண் 85-க்கும் 105-க்கும் நடுவில் இருந்தால், எங்கே பெறுவது என்பதை உன்னோடு உட்கார்ந்து தனியாகப் பேச வேண்டும் என்றும், 85-க்குக் கீழே என்றால் மருத்துவமனையே நல்லது என்றும் உங்கள் நாட்டு வழிகாட்டியே சொல்கிறது. உடம்பில் இரத்தம் நிறைய இருப்பவள் அரை லிட்டர் இழந்தாலும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள், குதிர் காலியானவளுக்கு அதே அரை லிட்டரில் கண் இருட்டும். அது வீட்டில் நடந்தால் இரத்த வங்கி எத்தனை நிமிடத் தொலைவு என்பதுதான் கேள்வி. இன்னொன்று: நஞ்சு தானாக விழட்டும் என்று காத்திருக்கும் முறையில் ஆயிரம் பேரில் சுமார் 29 பேருக்கு ஒரு லிட்டருக்கு மேல் உதிரம் போகிறது, ஊசி போட்டுக்கொண்டால் 13 பேருக்கு. இரும்பு குறைந்த நீ அந்த ஊசியை மறுக்கக் கூடாது. இது என் கண்டிப்பு.

லீட்ஸ் பாப்பா, 7.26
ஊசிக்குச் சம்மதம், சித்தி. ஃபெரஸ் ஃபியூமரேட் 210 மில்லிகிராம், தினம் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரவில் பால் டீயோடு, கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன்.

பொள்ளாச்சிச் சித்தி, 7.29
கதவைச் சாத்திவிட்டு விருந்தாளியை அழைக்கிறாய். டீயும் பாலும் கால்சியமும் இரும்பைக் குடலில் ஏறவிடாது. காலையில் வெறும் வயிற்றில், ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கு. ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம். கால்சியம் இரவுக்குப் போகட்டும். மலம் கறுத்துப் போகும், பயப்படாதே. மலச்சிக்கலோ குமட்டலோ தாங்க முடியாமல் போனால் நீயாக நிறுத்தாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று உன் மருத்துவச்சியிடம் கேள். அவசரத்தில் இரண்டாக்கவும் வேண்டாம்: ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற காவலனை அனுப்பி அடுத்ததை ஓரளவு தடுத்துவிடும்.

பெரியம்மா, 7.33
பீட்ரூட் சாறும் மாதுளையும் கொடுத்தால் இரத்தம் ஊறாதா?

பொள்ளாச்சிச் சித்தி, 7.36
அக்கா, இரண்டும் சிவப்பே தவிர இரும்பு சொற்பம். உன் கை முருங்கைக்கீரைப் பொரியல் எவ்வளவோ மேல், ஆனால் இந்த வாரக் கணக்கில் கீரையால் மட்டும் குதிர் நிரம்பாது. கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள், வைட்டமின் ஏ மிகையாகிவிடும் என்பதால். அதனால் ஈரல் வறுவல் செய்முறையை யாரும் அனுப்ப வேண்டாம்.

வேலந்தாவளம் தங்கை, 7.41
அப்படியானால், அக்காவைப் போல நானும் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா, சித்தி? எனக்கு ஐந்தாம் மாதம்.

பொள்ளாச்சிச் சித்தி, 7.45
வேண்டாம், கண்ணு. அவள் வீட்டுக்கு வரும் அந்த இரண்டு மருத்துவச்சிகளும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் ஏற்பாடும் நம் ஊரில் இல்லை, மருத்துவமனைக்குப் போ. உன் வேலை, அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ தரும் சிவப்பு மாத்திரையை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டதை, 180 நாள் விடாமல் விழுங்குவது. பிரசவத்துக்குத் தாய்வீடு என்று எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு வருவாயானால், கேரளத்துத் தாய் சேய் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இங்கே கர்ப்பிணிகளைப் பதிந்து தரும் பிக்மி எண் வாங்கிவிடு, பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.

அப்புச்சி, 7.52
பாப்பா, அடுத்த சோதனை எப்போது?

லீட்ஸ் பாப்பா, 7.55
மூன்று வாரம் கழித்து, அப்புச்சி. ஏறவில்லை என்றால் பரம்பரையாக வரும் தலசீமியா தன்மை போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முப்பத்து நான்கு வாரத்துக்குப் பிறகும் 100-க்குக் கீழே கிடந்தால் மருத்துவமனையில் வைத்து நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதுவரை வீடு என்பதைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன்.

பெரியம்மா, 7.58
பென்சில் என்றால் சரி. மருத்துவமனைப் பையையும் கட்டி வாசலில் வைத்துவிடு.

மறுநாள்

லீட்ஸ் பாப்பா, காலை 11.35
(படம்: சன்னல் திட்டில் ஒரு மாத்திரை, பக்கத்தில் ஆரஞ்சுச் சாறு)
இங்கே காலை ஏழு மணி. விழுங்கியாயிற்று.

அப்புச்சி, 11.37
உன் அம்மாயி கேட்கச் சொல்கிறாள்: டீக்கு எத்தனை மணி?

லீட்ஸ் பாப்பா, 11.38
எட்டு மணிக்கு, அம்மாயி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.