செத்தல் மிளகாய் உலர்த்தும் வெப்பப் பம்பிக்கு இலத்திரனியல் கட்டுப்படுத்தி பொருத்துதல்: வயரிங், சென்சர் பற்றி ஆலோசனை வேண்டும்

முரசுமோட்டையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முரசுமோட்டையில் எங்கள் வளவுக்குள் பத்தடிக்கு எட்டடி அளவில் ஓர் உலர்த்தும் அறை வைத்திருக்கிறோம். மாரி காலத்தில் பழுத்து வரும் மிளகாயை வெயிலை நம்பி முற்றத்தில் பரப்ப முடியாது. இரண்டு நாள் மூடாப்பாகக் கிடந்தாலே காம்படியில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது இங்கு மிளகாய் செய்யும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் பாவித்த வெப்பப் பம்பி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். அதன் ஆவியாக்கி அறைக் காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கிக் குழாய் வழியே வெளியே விட, ஒடுக்கி அதே காற்றைச் சூடாக்கித் தட்டுகளுக்குத் திருப்பி அனுப்புகிறது. கொம்பிரசரின் தகட்டில் ஆர் 134ஏ (உள்ளே ஓடும் குளிரூட்டி வாயு) என்றும் 230 வோல்ற்று, சிங்கிள் பேஸ் என்றும் எழுதியிருக்கிறது. ஓடும்போது கிளாம்ப் மீற்றர் 9.5 அம்பியர் காட்டுகிறது.

பழைய தெர்மோஸ்டாட் பழுதானபோது, வேலைக்கு வந்த ஒருவர் சிறிய இலத்திரனியல் கட்டுப்படுத்தி ஒன்றைப் பூட்டி, அதன் றிலேயிலிருந்தே (மின்னைச் சேர்த்து வெட்டும் சிறு சுவிட்ச்) கொம்பிரசருக்கு நேரடியாக வயர் இழுத்துவிட்டுப் போனார். றிலேயின் மேல் 10 அம்பியர் என்று எழுதியிருந்தபடியால் நானும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது கிழமை விடியற்காலையில் கதவைத் திறந்தபோது தொண்டையை அடைக்கும் நெடி வந்தது. மேல் தட்டுகளில் இருந்த மிளகாய் முழுவதும் கறுத்துப்போயிருந்தது. திரையில் 74 பாகை என்று காட்டியது. கொம்பிரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. றிலேயின் மூடியைக் கத்தி நுனியால் நெம்பித் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த இரண்டு தொடுமுனைகளும் உருகி, கடுகளவு ஈயப் பொட்டுப்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. விரலால் தட்டியும் பிரியவில்லை. எங்கள் வீட்டு மிளகாயோடு அயலிலுள்ள இரண்டு குடும்பங்களின் மிளகாயும் அதற்குள் இருந்ததுதான் எனக்குப் பெரிய வேதனை.

இப்போது இரண்டு சென்சரும் இரண்டு றிலேயும் உள்ள புதிய கட்டுப்படுத்தி ஒன்றை வாங்கியிருக்கிறேன். இம்முறை நானே விளங்கிக்கொண்டு செய்ய விரும்புகிறேன். கொம்பிரசரை எப்படி இணைப்பது, சென்சரை அறையில் எங்கே வைப்பது என்பவற்றைச் சொல்லுங்கள். பழைய சென்சரின் வயர் சுவரிலுள்ள குழாய்க்குள் ஏற்கனவே ஓடியிருப்பதால் அதையே புதியதற்கும் பாவிக்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விடயமும் உண்டு. றிலே ஒட்டுவதற்கு முன்பும் அறை 55 பாகைக்கு வந்தவுடன் கொம்பிரசர் நின்றுவிடும். ஆனால் கதவின் கண்ணாடியில் உட்புறமாக வியர்த்திருக்கும், இரண்டாம் நாளும் மிளகாய் தோல்போலவே இழுபடும். சூடு இருந்தும் ஏன் காயவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பரந்தன் குளிரூட்டி (பதில்)

தம்பி, றிலேயில் எழுதியிருக்கும் 10 அம்பியர் என்பது சூடாக்கும் கம்பி போன்ற சுமைகளுக்கானது. கொம்பிரசர் ஓடும்போது 9.5 அம்பியர் எடுத்தாலும், கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து ஆறு மடங்கு, அதாவது 50 அம்பியரை அண்டிய மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது எழும் தீப்பொறியில்தான் உங்கள் றிலேயின் முனைகள் உருகி ஒட்டியிருக்கின்றன. ஆகவே கட்டுப்படுத்தியின் றிலே ஒரு கொன்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் காந்தச் சுவிட்ச்) சுருளை மட்டும் இயக்கட்டும். கொம்பிரசரின் சுமையைக் கொன்டாக்டர் சுமக்கட்டும். வாங்கும்போது மோட்டருக்கான ஏசி 3 என்ற வகுப்பில் 18 அம்பியருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று தகட்டைப் பார்த்து வாங்குங்கள். சுருளுக்குக் குறுக்கே 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் சேர்ந்த சிறு துண்டு ஒன்றைப் போட்டால், சுருள் விடும்போது எழும் அதிர்வு கட்டுப்படுத்தியின் மூளையைக் குழப்பாது.

அடுத்தது, இதைவிட முக்கியமானது. கொன்டாக்டரும் ஒருநாள் ஒட்டலாம், கட்டுப்படுத்தியும் ஒருநாள் உறைந்து நிற்கலாம். எனவே உயர் அமுக்க சுவிட்ச் ஒன்றையும், கையால் அழுத்தினால் மட்டுமே மீளும் 65 பாகை வெப்ப வெட்டி ஒன்றையும் கட்டுப்படுத்தியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வையுங்கள். அமுக்க சுவிட்ச் கொன்டாக்டரின் சுருளுக்குத் தொடராகப் போகட்டும். வெப்ப வெட்டி அதற்கு முன்னால் உள்ள இரண்டாவது கொன்டாக்டர் ஒன்றின் சுருளை வெட்டட்டும். அப்போதுதான் முதலாவது கொன்டாக்டர் ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது கொம்பிரசரை நிறுத்தும். ஆர் 134ஏ வாயு 65 பாகையில் ஒடுங்கும்போது கேஜில் 260 பிஎஸ்ஐ அளவு காட்டும். ஒடுக்கிக்குக் காற்றை ஓட்டும் உள்விசிறி நின்றுபோனால் ஊசி அதையும் தாண்டி ஏறும், அப்போது வெட்டத்தான் அமுக்க சுவிட்ச்.

கொம்பிரசர் நின்றபின் மறுபடி கிளம்ப 5 நிமிடம் தாமதம் கொடுங்கள். நின்றவுடன் ஒரு பக்கம் கூடிய அமுக்கமும் மறுபக்கம் குறைந்த அமுக்கமுமாக இருக்கும். இரண்டும் சமனாகுமுன் சிங்கிள் பேஸ் கொம்பிரசரால் திரும்பக் கிளம்ப முடியாது, உறுமிவிட்டு ஓவர்லோட் காப்பு வெட்ட நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் மின்சாரம் போய் வரும்போது ஒருமுறையோடு நிற்பதில்லை, இரண்டு மூன்று தடவை வெட்டிவிட்டுத்தான் நிலைக்கும் என்பதால், மின் வந்தவுடனும் அதே தாமதம் வேலை செய்கிறதா என்று பிரேக்கரைப் போட்டு எடுத்துப் பரீட்சித்துப் பாருங்கள்.

வோல்ற்றளவையும் கவனியுங்கள். நமக்கு வரவேண்டியது 230, அதில் 6 வீதம் கூடலாம் குறையலாம். ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்து வீடுகளில் மாலையில் 190 வரை இறங்குவதை நானே அளந்திருக்கிறேன். கிளம்பும் வலு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு குறைவதால் 190இல் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடுகிறது. 200க்குக் கீழே வெட்டி, 215க்கு மேலே வந்த பின்னர் தாமதித்துச் சேர்க்கும் காப்பு றிலே ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். தோல் நனைந்த கையோடு வேலை செய்யும் இடம் என்பதால் மின்கசிவில் வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் ஒழுங்கான நில இணைப்பும் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

அறிவியல்நகர் பழைய மாணவன் (பதில்)

அண்ணா, மேலே ஐயா சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். சூடு இருந்தும் காயாததற்கான காரணத்தை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் புதிய கட்டுப்படுத்தியையும் பழையபடியே அமைத்தால் அதே குறை திரும்ப வரும்.

மூடிய அறையில் மிளகாயிலிருந்து நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம், அந்த ஆவி ஆவியாக்கியில் நீராகும்போது மறுபடி கிடைத்துவிடுகிறது. கொம்பிரசர் எடுக்கும் ஏறத்தாழ 2 கிலோவாட் மின்சாரம்தான் மிஞ்சிய வெப்பமாக அறைக்குள் சேர்ந்துகொண்டே போகிறது. சுவர் அதில் ஒரு பகுதியைத்தான் வெளியே விடும், எனவே அறை விரைவாக 55 பாகையை அடைகிறது. அந்த நேரத்தில் கொம்பிரசரை நிறுத்தினால் சூடு ஏறுவது நிற்பதோடு ஈரம் எடுப்பதும் நின்றுவிடுகிறது. உங்கள் கண்ணாடி வியர்த்தது அதனால்தான். நூறு கிலோ பழத்திலிருந்து ஏறத்தாழ 75 கிலோ நீரை எடுக்கவேண்டிய இயந்திரம் பாதி நேரம் சும்மா நின்றிருக்கிறது.

ஆகவே கொம்பிரசரை ஓடவிட்டு, மிஞ்சிய சூட்டை வெளியே தள்ளுவதே முறை. இரண்டாவது றிலேயில் ஒரு சிறிய வெளியேற்று விசிறியை, தானாக மூடும் தட்டியோடு பொருத்துங்கள். அது 56 பாகையில் தொடங்கி 54இல் நிற்கட்டும். கொம்பிரசர் 60இல் நின்று 55இல் திரும்ப வரட்டும். விசிறி ஒழுங்காக வேலை செய்தால் 60ஐ அது தொடவே மாட்டாது. மாரியில் வெளிக்காற்று ஈரமாயிற்றே, அதை உள்ளே எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். 27 பாகையில் 90 வீத ஈரப்பதனோடு இருக்கும் காற்றை 55 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் 20 வீதத்துக்கு இறங்கிவிடும், பயப்பட வேண்டாம்.

சென்சரை ஒடுக்கியைத் தாண்டி வரும் காற்று முதல் தட்டைத் தொடும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஒடுக்கியின் செப்புக் குழாயையோ சுவரையோ அது தொடக்கூடாது. தட்டுகளைத் தாண்டித் திரும்பும் காற்றில் வைத்தால், அது ஈரத்தால் குளிர்ந்த காற்று என்பதால் கட்டுப்படுத்தி ஏமாந்து முன் தட்டுகளைக் கருக்கிவிடும். இரண்டாவது சென்சரை ஆவியாக்கியில் கட்டி, உறைபனி பிடித்தால் கொம்பிரசரை நிறுத்தும்படி அமையுங்கள்.

பழைய சென்சரைப் பாவிப்பது பற்றி எனக்குப் பெரிய தயக்கம் இருக்கிறது. இரண்டுமே 25 பாகையில் 10 கிலோ ஓம் என்றாலும் அவற்றின் பீற்றா மதிப்பு (சூட்டோடு தடை எவ்வளவு மாறும் என்பதைக் குறிக்கும் எண்) வேறாக இருக்கலாம். 3435 என்றும் 3950 என்றும் இரண்டு வகையும் சந்தையில் தாராளமாக இருக்கின்றன. 3950ஐ எதிர்பார்க்கும் கட்டுப்படுத்தியில் 3435 சென்சரைப் பூட்டினால், அறை உண்மையில் 60 பாகையில் இருக்கும்போது திரை 55 என்று காட்டும். திருத்தப் பெறுமதி ஒன்றைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது, ஏனெனில் பிழை வெப்பநிலையோடு மாறிக்கொண்டே போகிறது. பொடித்த ஐஸ் நிறைந்த தண்ணீரில் ஒரு தடவையும், நல்ல வெப்பமானி வைத்த 60 பாகை வெந்நீரில் ஒரு தடவையும் நனைத்துப் பாருங்கள். வயரை நீட்டுவதால் பிழை வராது, 10 கிலோ ஓமுக்கு முன்னால் வயரின் தடை ஒன்றுமேயில்லை. ஆனால் கொம்பிரசரின் வயரோடு ஒரே குழாயில் மட்டும் ஓடவிடாதீர்கள்.

ஒட்டுசுட்டான் முருங்கை (பதில்)

அண்ணா, நாங்கள் இதேபோன்ற அறையில் முருங்கையிலை காயவைக்கிறோம். இலைக்கு 45 பாகைக்கு மேலே விடுவதில்லை, விட்டால் பச்சை நிறம் போய்விடும். நீங்கள் இலையும் காயவைப்பதாக இருந்தால் இரண்டு அமைப்புகளையும் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள். வேலைக்கு வரும் பிள்ளைகள் மாற்ற மறந்துவிடுவார்கள். ஆவியாக்கிக்கு முன்னால் இருக்கும் வலையையும் ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். எங்களுக்கு ஒருமுறை சுருள் முழுவதும் வெள்ளையாக உறைந்து போனதற்குக் காரணம் வாயு குறைந்ததல்ல, வலையை அடைத்திருந்த இலைத்தூள்தான்.

முரசுமோட்டையான் (ஒன்பது நாட்களின் பின்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் சென்சரைப் பரீட்சித்தேன். ஐஸ் தண்ணீரில் திரை 3 பாகை காட்டியது, வெந்நீரில் வெப்பமானி 60 காட்டியபோது திரை 55 காட்டியது. பழைய சென்சரின் வயர் முனையில் சுருண்டு கிடந்த தாளை விரித்துப் பார்த்தால் 3435 என்றும், புதிய கட்டுப்படுத்தியின் கையேட்டில் 3950 என்றும் இருந்தது. அறிவியல்நகர் தம்பி சொல்லாதிருந்தால் இதையும் அப்படியே பூட்டியிருப்பேன். கட்டுப்படுத்தியோடு வந்த சென்சர்களையே வேறு குழாயில் இழுத்துப் போட்டேன்.

இரண்டு கொன்டாக்டர்களும், அமுக்க சுவிட்சும், வெப்ப வெட்டியும், வோல்ற்றளவு றிலேயும் பூட்டியாயிற்று. உள்விசிறி ஓடாவிட்டால் கொம்பிரசர் கிளம்பாதபடியும் செய்திருக்கிறேன். நேற்றிரவு மின்சாரம் மூன்று தடவை வெட்டியது. ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் எண்ணிய பின்னரே கொம்பிரசர் அமைதியாகக் கிளம்பியது. வெளியேற்று விசிறிதான் அடிக்கடி தொடங்கி நிற்கிறது, திரை 54க்கும் 57க்கும் இடையில் நிற்கிறது. நீர்க்குழாயின் கீழ் வைத்த வாளி முன்பு இரவில் பாதிகூட நிறையாது. இப்போது விடியுமுன் இரண்டு தடவை ஊற்ற வேண்டியிருக்கிறது. கண்ணாடியில் வியர்வை இல்லை. கையில் எடுத்து உடைத்தால் மிளகாய் கலகலவென்று விதை கொட்டுகிறது.

பரந்தன் குளிரூட்டி (பதில்)

மிகவும் சந்தோசம் தம்பி. இன்னும் ஒரு வேலை இருக்கிறது. சூடேறி ஆறுவதாலும் கொன்டாக்டரின் அதிர்வாலும் முதல் இரண்டு கிழமைக்குள் வயர் முனைகளின் திருகுகள் தளரும். பிரதான பிரேக்கரை இறக்கி, மின் இல்லை என்பதை மல்ரிமீற்றரால் உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொரு திருகையும் ஒருமுறை இறுக்குங்கள். எந்த முனையிலாவது வயரின் உறை நிறம் மாறியிருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் புதிதாக முனை போட்டுவிட்டு அறையை நிரப்புங்கள்.