தேநீர்ச் சடங்கா, தேநீர் அமர்வா? சாதோவுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். விருந்தினரை உட்காரவைத்து முறைப்படி தேநீர் கலந்து தரும் ஜப்பானியக் கலையான சாதோவுக்கு (ஆங்கிலத்தில் tea ceremony), ஜப்பான் பயணக் கையேட்டின் தமிழாக்கத்தில் "தேநீர்ச் சடங்கு" என்று போடலாமா என்ற கேள்வியில் தொடங்கிய இழை நன்றாகவே நீண்டுவிட்டது. கியோத்தோவிலும் ஊஜியிலும் பார்வையாளனாகப் போய் உட்கார்ந்து குடித்தவன் என்ற முறையில் என் கருத்தையும் சேர்க்கிறேன். ஜப்பானா சப்பானா என்ற சண்டையை மட்டும் இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

> முறைப்படி செய்யும் எதுவும் சடங்குதானே ஐயா. எல்லோருக்கும் புரிகிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாகத் தேட வேண்டும்?

புரிகிறதுதான், ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. திருநெல்வேலிப் பக்கம் "எங்கள் வீட்டில் சடங்கு" என்றால் பெண் பெரியவளானதற்குச் செய்வது. யாழ்ப்பாணத்தில் அதுவே சாமத்தியச் சடங்கு. இதை விட்டாலும், "சடங்குக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனான்" என்று சொல்கிறோமே, மனம் ஒட்டாமல் செய்வது என்ற அந்தச் சாயலை யாரும் துடைத்துவிட முடியாது. தேநீர் அறையில் எதிர்பார்க்கப்படுவது இதற்கு நேர்மாறானது.

இன்னொன்று, சடங்கு என்றதும் படிப்பவர் சாமி எங்கே என்று தேடுவார். அங்கே சாமி இல்லை. ஸென் பௌத்தத்தின் தாக்கம் நிறைய உண்டு, மறுக்கவில்லை. தேநீர் அறையின் மாடத்தில் தொங்கும் எழுத்துச் சுருளில் பெரும்பாலும் ஸென் துறவிகளின் கையெழுத்துத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கலைக்கு இன்றைய வடிவம் தந்த சென் நோ ரிக்யூவின் (1522-1591) முதன்மையான மாணவர்களில் ஒருவர் தக்காயாமா உக்கோன், கிறித்தவப் பிரபு. வழிபாடாக இருந்திருந்தால் அவர் அங்கே உட்கார்ந்திருப்பாரா?

> அப்படியானால் "தேநீர் விழா" என்று வைத்துக்கொள்வோமே.

விழாவுக்குக் கூட்டம் வேண்டும். ரிக்யூவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தைஆன் என்ற தேநீர் அறை கியோத்தோவுக்குத் தெற்கே யாமாசாக்கியில் இருக்கிறது. அதன் பரப்பு இரண்டே தாத்தாமிப் பாய். அதில் எந்த விழாவை நடத்துவது? விழா என்று தாராளமாகச் சொல்லத்தக்க ஒன்று வரலாற்றில் உண்டு. 1587 இல், அப்போது ஜப்பானில் ஆட்சி அதிகாரத்தை வைத்திருந்த தொயொத்தோமி ஹிதேயோஷி, கித்தானோ கோயில் வளாகத்தில் ஊர் முழுவதையும் தேநீருக்கு அழைத்தார். உழவர்களும் வரலாம், கொதிபானையும் கிண்ணமும் கொண்டுவந்தால் போதும் என்று அறிவிப்பு. பத்து நாள் என்று சொல்லி ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். அதற்கு வேண்டுமானால் "கித்தானோ தேநீர்ப் பெருவிழா" என்று போடலாம், எனக்குத் தடையில்லை.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். சடங்கு, விழா, இழையில் வேறொருவர் சொன்ன "நிகழ்த்துகை" ஆகிய மூன்றுமே விருந்தினரைப் பார்வையாளர் ஆக்கிவிடுகின்றன. போய் உட்கார்ந்தால்தான் தெரியும், அங்கே விருந்தினருக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாவிட்டால் நிகழ்ச்சியே நகராது.

எப்படி என்று சொல்கிறேன். உள்ளே போகும் முன் மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்வார்கள், கிண்ணத்தில் கீறல் விழக்கூடாது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக்கூடாது. போனதும் நேரே இடம் பிடித்து உட்கார்ந்துவிட முடியாது. மாடத்தில் தொங்கும் சுருளையும் அதனடியில் வைத்திருக்கும் பூவையும் பார்த்துவிட்டு, வெந்நீர்ப் பானையையும் பார்த்துவிட்டுத்தான் அமர வேண்டும். முதல் இடத்தில் உட்காருபவர் தலைமை விருந்தினர். சுற்றுலாப் பயணிகள் அந்த இடத்தைக் கண்டு ஏன் பின்வாங்குகிறார்கள் என்பது பிறகுதான் புரியும்: அவர்தான் எல்லோர் சார்பாகவும் பேச வேண்டும். கிண்ணம் எந்த ஊர்ச் சூளை, தேயிலைத் தூளை அள்ளும் மூங்கில் துண்டுக்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறீர்கள் என்று அவர் கேட்பார், தேநீர் கலந்து தரும் ஓம்புநர் பதில் சொல்வார்.

முதலில் இனிப்பு வரும். தேநீரோடு சேர்த்துக் கடித்துக்கொள்ளும் பண்டம் அல்ல அது, தேநீர் வருவதற்குள் தின்று முடித்துவிட வேண்டும். அங்கே தரும் மாச்சாவில், அதாவது பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கிய தேநீரில், சர்க்கரையும் கிடையாது, பாலும் கிடையாது. நாக்கில் ஒட்டியிருக்கும் அந்த இனிப்பின் மேல்தான் கசப்பு வந்து இறங்கும். கிண்ணம் முன்னால் வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் "ஓசாக்கி நி", அதாவது உங்களுக்கு முன்னால் நான் குடிக்கிறேன், மன்னியுங்கள் என்று சொல்ல வேண்டும். ஓம்புநருக்கு ஒரு வணக்கம். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். கிண்ணத்தின் அழகான முகப்பை விருந்தினரைப் பார்க்க வைத்துத்தான் தருகிறார்கள், அந்த முகப்பில் வாய் வைக்காமல் இருக்கவே இந்தத் திருப்பல். கடைசி மிடறை மட்டும் சத்தம் வர உறிஞ்சலாம், உறிஞ்சவும் வேண்டும், குடித்து முடித்தேன் என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் வாய் பட்ட இடத்தை விரலால் துடைத்து, கிண்ணத்தைத் தரையை ஒட்டித் தாழ்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். கிண்ணம் விலையுயர்ந்தது, கை தவறினாலும் உயரத்திலிருந்து விழக்கூடாது. இவ்வளவும் மண்டியிட்ட நிலையில். கால் மரத்துப்போவது பற்றி நான் எழுதப்போவதில்லை, பயணக் கட்டுரைகள் எல்லாமே அதைத்தான் எழுதுகின்றன.

இவ்வளவு வேலை செய்பவரைப் பார்வையாளர் என்று எப்படிச் சொல்வது?

ஜப்பானிய மொழியில் இது ஒற்றைச் சொல்லில் அடங்கிய விஷயமும் இல்லை. ஆங்கிலக்காரர்தான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார், நாம் அந்த மூட்டையை அப்படியே தூக்கி வந்திருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் பயிலும் துறைக்குச் சாதோ என்று பெயர். அதில் "தோ" என்பது வழி. இதை "தேநீர் நெறி" என்று சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது என்று நினைக்கிறேன். (இந்தக் கலையைக் கற்பிக்கும் மரபுகளில் ஓமோத்தேசென்கே பள்ளியினர் இதை 'ஸா' ஒலியிலும் ஊராசென்கே பள்ளியினர் 'ச்சா' ஒலியிலும் தொடங்குவார்கள். தமிழில் சாதோ என்று எழுதிவிட்டால் இரு தரப்பும் தங்கள் விருப்பப்படி படித்துக்கொள்ளலாம். நம் சகரம் இப்படியும் உதவுகிறது.) பழைய பெயர் சா நோ யு, நேர்ப்பொருள் தேநீருக்கான வெந்நீர். அவ்வளவு எளிமையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

ஓம்புநர் தேநீர் கலக்கும் கைவரிசைக்குத் தேமாயே என்று பெயர். இதற்கு ஈழத்து நண்பர் தந்த "ஆற்றுகை" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அங்கே நாடகத்துறையில் வழங்கும் சொல் அது. தமிழ்நாட்டில் டீ ஆற்றுவது நினைவுக்கு வரும் என்று சிலர் சிரித்தீர்கள். வந்தால் வரட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அதை முழு நிகழ்வுக்கும் நீட்டக்கூடாது, ஓம்புநரின் கையோடு அது நிற்க வேண்டும்.

பயணி போய் உட்காரும் நிகழ்வுக்கு நான் முன்வைப்பது "தேநீர் அமர்வு". ஜப்பானியரும் அந்த இடத்தையும் நிகழ்வையும் சாசேக்கி என்பார்கள், சேக்கி என்றால் இருக்கை. அமர்வு என்னும்போது ஓம்புநர், விருந்தினர் இருவருமே அதற்குள் வந்துவிடுகிறார்கள். உணவு, கெட்டித் தேநீர், நுரைத் தேநீர் எல்லாம் அடங்கி நான்கு மணி நேரம் போகும் சாஜி என்பதை "முழு அமர்வு" என்று பிரித்துக் காட்டலாம். ஊஜியில் பியோதோ-இன் கோயில் பக்கத்தில் நகராட்சி நடத்தும் தைஹோ-ஆன் போன்ற இடங்களில் பயணிக்குக் கிடைப்பது ஓர் இனிப்பும் ஒரு கிண்ணமும் மட்டுமே, அது முழு அமர்வு அல்ல. கையேடு இந்த வேறுபாட்டைச் சொன்னால் படிப்பவர் ஏமாற மாட்டார்.

அன்புடன்.

*

நண்பர்களே, மறுமொழிகளுக்கு நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> அமர்வு என்றாலே "முதல் அமர்வு: தலைமையுரை" என்றுதான் காதில் விழுகிறது. நீதிமன்ற அமர்வு வேறு இருக்கிறது.

இருக்கட்டும் அண்ணா. முன்னால் நிற்கும் சொல்தான் எந்த அமர்வு என்று சொல்லிவிடுகிறதே. கருத்தரங்கில் டீ குடிக்க விடும் நேரத்துக்குத் "தேநீர் இடைவேளை" என்ற தொடர் உறுதியாக நிலைத்துவிட்டது, அதனோடும் மோதாது.

> மண்டியிடாமல் நாற்காலியில் உட்கார்ந்தும் செய்கிறார்களே, அதற்கும் இதே சொல்லா?

அதற்கும்தான். நாற்காலி, மேசை முறைக்கு ரியூரேய் என்று பெயர். 1872 இல் கியோத்தோவில் நடந்த பொருட்காட்சிக்கு வெளிநாட்டினரும் வருவார்கள் என்பதால் ஊராசென்கேயின் பதினோராம் தலைவர் கென்கென்சாய் வகுத்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் அதையே கேட்டு வாங்கலாம் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும். நாற்காலியில் உட்காருவதும் அமர்வதுதானே.

> விருந்தோம்பல் மாதிரி "தேநீரோம்பல்" என்று சொல்லலாமே? கேட்கவே இனிமையாக இருக்கிறது.

இனிமைதான், அம்மா. ஆனால் விருந்தோம்பலில் விருந்து என்பது வந்தவரைக் குறிக்கிறது, வந்தவரை ஓம்புகிறோம். தேநீரோம்பலில் தேநீரை அல்லவா ஓம்ப வேண்டியிருக்கும்? வந்தவர் காணாமல் போய்விடுவார். "ஓம்புநர்" என்ற சொல்லை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு முதல் மடலிலேயே பயன்படுத்திவிட்டேன், கவனித்திருப்பீர்கள்.

கருவிகளுக்கும் பெயர் கேட்டிருந்தீர்கள். நீர் கொதிக்க வைக்கும் காமாவுக்கு "கெண்டி" என்று கையேட்டு வரைவில் இருப்பதை மாற்றியே ஆக வேண்டும். கெண்டிக்கு மூக்கு உண்டு, காமாவுக்குக் கிடையாது, மூங்கில் அகப்பையால்தான் நீரை மொள்ள வேண்டும். "இரும்புப் பானை" போதும். மே முதல் அக்டோபர் வரை அதைத் தரைமேல் வைத்த அடுப்பிலும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் குழித்த அடுப்பிலும் ஏற்றுவார்கள். ஆகவே "கணப்பு", "குழியடுப்பு" என்று பிரிக்கலாம். தேயிலைத் தூள் வைக்கும் அரக்குப் பூச்சுப் பாத்திரத்தின் பெயர் நாத்சுமே. இலந்தை இனத்துப் பழம் ஒன்றின் பெயர் அது, வடிவம் அந்தப் பழம் போல இருப்பதால் வந்தது. இதற்கு "இலந்தைச் சிமிழ்" தவிர வேறு என்ன வேண்டும்?

தேநீரைக் கலக்கி நுரைக்க வைக்கும் சாசென் பற்றித்தான் தகராறு. ஒரே மூங்கில் துண்டை 80 முதல் 120 வரை மெல்லிய கீற்றுகளாகப் பிளந்து செய்வது, நாரா பகுதியின் தக்காயாமா இதற்குப் பேர்போனது. "தூரிகை" தவறு என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். "மத்து" என்றதற்கு, மத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவோம், இதை மணிக்கட்டால் முன்னும் பின்னும் வேகமாக ஆட்டுவார்கள், கடைதல் வேறு அடித்தல் வேறு என்று ஒருவர் மறுத்திருக்கிறார். நியாயம்தான். ஆனாலும் வேலை ஒன்றே, நீரைக் கலக்கி நுரை எழுப்புவது. "நுரைமத்து" என்றால் படம் கண்ணுக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன். ஓமோத்தேசென்கேயினர் நுரையை மேலே முழுக்கப் பரவ விடுவதில்லை, அதனால் அவர்கள் கோபித்துக்கொண்டால் பார்த்துக்கொள்வோம்.

விருந்தினர் தேநீர் அறைக்குள் நுழையும் நிஜிரிகுச்சிக்கு வரைவில் இருக்கும் "ஊர்வாயில்" வேண்டவே வேண்டாம். ஊர்ந்து நுழையும் வாயில் என்று யாரும் பிரிக்க மாட்டார்கள், ஊரின் வாயில் என்றே படிப்பார்கள். ஏறக்குறைய 66 செ.மீ. உயரமும் 63 செ.மீ. அகலமும் உள்ள திறப்பு அது. சாமுராய் ஆனாலும் வாளை வெளியே மாட்டிவிட்டுத் தலை தாழ்த்தித்தான் புக வேண்டும். "குனிவாயில்" என்பது என் பரிந்துரை.

மிச்சம் இருப்பது சாஷாக்கு, சிமிழிலிருந்து தூளை அள்ளும், நுனி வளைந்த மூங்கில் துண்டு. நேராகப் பெயர்த்தால் "தேக்கரண்டி". அதைச் சமையல் குறிப்புக்காரர்கள் உப்பு அளக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு சொல் தோன்றியவர்கள் எழுதுங்கள், இல்லையென்றால் சாஷாக்கு என்றே விட்டுவிடலாம்.