யுஎம்டி: சோனி செய்தது தப்பா?

மின்னல்84: பிஎஸ்பி என்ற கையடக்க கேம் கருவியில் சோனி செய்த பெரிய தப்பு, கேமும் படமும் வந்த யுஎம்டி என்ற சின்ன வட்டுதான். கையில் வைத்து ஆடுகிற கருவிக்குள் மோட்டாரும் லேசரும் எதற்கு? வட்டு சுற்றச் சுற்ற பேட்டரி தீரும், லோடிங் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். அதே சமயத்தில் வந்த நின்டெண்டோ டிஎஸ்ஸில் கார்டைச் செருகினால் போதும்.

வட்டுவாசி: 2004 டிசம்பரில் ஜப்பானில் பிஎஸ்பி வந்தபோது கார்டுக்குள் இருக்கிற ஃபிளாஷ் மெமரி என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள் நண்பரே. அமெரிக்காவில் கருவியோடு கொடுத்த மெமரி ஸ்டிக் என்ற நினைவக அட்டையே வெறும் 32 எம்பி. யுஎம்டி 6 செ.மீ. வட்டு, இரண்டு அடுக்கில் 1.8 ஜிபி பிடிக்கும், அச்சடிக்கவும் மலிவு. லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் கேமில் நாம் வண்டி ஓட்ட ஓட்ட ஊரே வட்டிலிருந்து வந்துகொண்டிருந்ததே, அதைக் கார்டில் போட்டிருந்தால் என்ன விலைக்கு விற்றிருப்பார்கள்?

மின்னல்84: விலை சரி. அப்புறம் ஏன் 2007-ல் பிஎஸ்பி-2000 என்ற அடுத்த மாடல் வந்தபோது ரேமை 64 எம்பியாக இரட்டிப்பாக்கி, வட்டில் இருப்பதை முன்கூட்டியே அதில் ஏற்றிவைக்க வேண்டி வந்தது? வட்டு மெதுவானது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

சுழலி: இரண்டு பேரும் சினிமாவை விட்டுவிட்டீர்கள். படத்தை யுஎம்டியில் வாங்கினால் பிஎஸ்பியில் மட்டும்தான் பார்க்க முடியும், முதல் மாடலை டிவியோடு இணைக்கவும் வழியில்லை. 2006-லேயே ஸ்டுடியோக்கள் விலக ஆரம்பித்துவிட்டன. கேமுக்கு மட்டும் வைத்திருந்தால் இவ்வளவு கெட்ட பெயர் வந்திருக்காது.

வட்டுவாசி: சினிமா விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் வட்டை எடுத்த பிறகு என்ன ஆனது? 2009-ல் பிஎஸ்பி கோ வந்தது, 16 ஜிபி நினைவகத்தோடு, யுஎம்டி இல்லாமல். காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த வட்டுகளை அதில் ஏற்ற வழியே தரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2011 கடைசியில் பிஎஸ்பிக்கு அடுத்த கருவியான வீட்டாவுக்காக, வட்டு வைத்திருப்பவர்கள் அதே கேமை டவுன்லோடாக வாங்கும் யுஎம்டி பாஸ்போர்ட் கொண்டுவந்தார்கள், அதுவும் ஜப்பானுக்கு மட்டும், கட்டணத்தோடு. 2021 ஜூலையோடு பிஎஸ்பியிலிருந்தே கேம் வாங்கும் வசதியும் போய்விட்டது. என் வட்டுகள் இன்றும் ஓடுகின்றன, வேண்டுமென்றால் நண்பனுக்கும் கொடுப்பேன்.

மின்னல்84: வட்டு ஓடும், டிரைவ் ஓடுமா? லேசர் தேய்ந்தால் வட்டைப் படிக்காமல் தேடிக்கொண்டே இருக்கும். வட்டின் பிளாஸ்டிக் கூடும் ஒட்டு விட்டுப் பிரிகிறது, மூடி இல்லாததால் தூசியும் நேராக உள்ளே போகிறது. படிக்கிற காலத்திலேயே எல்லாவற்றையும் ஐஎஸ்ஓவாக, அதாவது வட்டின் முழு நகல் கோப்பாக, மெமரி ஸ்டிக்குக்கு எடுத்துவிடுங்கள்.

வட்டுவாசி: எடுத்துவைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படி எடுக்க முடிவதே கையில் வட்டு இருப்பதால்தான், அதனால் யுஎம்டி தப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.