"ஒரே ஒரு படிதான்" என்றார்கள்

பதினோரு வருடமாக வீல்சேரில் இருக்கிறேன். போன வருடம் ஒரு சின்ன கிராமத்து ஊரில் இரண்டு நாள் தங்கப் போனோம். போனில் கேட்டதற்கு விடுதிக்காரர், "தாராளமா வரலாம், வாசல்ல ஒரே ஒரு படிதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நடக்கிறவர்கள் கண்ணுக்கு ஒற்றைப் படி ஒரு பொருட்டே இல்லை.

அந்தப் படி ஆறு அங்குலம். ஓர் அங்குலம் ஏற ஓரடி நீளச் சாய்வு வேண்டும். சாய்தளத்துக்கு 1:12 என்று சொல்லும் கணக்கு இதுதான். அப்படியென்றால் ஆறடிப் பலகை. எங்களிடம் இல்லை. தம்பியும் டிரைவரும் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். சாயங்கால வானத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். மறுபடி தூக்கச் சொல்ல மனம் வராமல் ஜன்னலோரமே இருந்துவிட்டேன்.

பாத்ரூம் கதவு 28 அங்குலம் என்றிருந்தார்கள். திறந்து நிற்கும் கதவின் தடிமன் போக மிஞ்சியதில் என் 26 அங்குல நாற்காலி உரசிக்கொண்டு போனது, விரல் முட்டி தோலுரிந்தது. உள்ளே திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே வந்தேன்.

இப்போதெல்லாம் "வீல்சேர் வருமா?" என்று கேட்பதே இல்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை, கட்டிலிலிருந்து கமோடு வரை நிறுத்தாமல் ஒரு வீடியோ கேட்கிறேன். கதவைத் திறந்து வைத்து, இடைவெளியை டேப்பால் அளந்த போட்டோவும் கேட்கிறேன். 32 அங்குலம் இருந்தால் நிம்மதி. உள்ளே நாற்காலியைத் திருப்ப ஐந்தடி வட்டம் வேண்டும்.

இதைப் படித்தவர்கள் எழுதியதும், கடைசியில் என் பதிலும்:

— அக்கா, கட்டிலுக்கு அடியையும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவைத் தூக்கி இறக்கும் கருவியான ஹாய்ஸ்ட்டின் கால்கள் கட்டிலுக்கு அடியில் போனால்தான் அவரைப் படுக்க வைக்க முடியும். நாங்கள் போன இடத்தில் தரையோடு ஒட்டிய பெட்டிக் கட்டில். அன்று ராத்திரி முழுக்க அம்மா நாற்காலியிலேயே இருந்தார். ஒரே இடம் அழுந்திப் புண் வந்துவிடுமோ என்று பயந்து அடிக்கடி சாய்த்துச் சாய்த்து உட்கார வைத்தேன்.

— ஜல்லி பாதையா என்றும் கேளுங்கள். முன்சக்கரம் புதைந்தால் ஆள் முன்னால் விழுவார். நான் விழுந்திருக்கிறேன். உபரி டியூபும் பம்பும் இல்லாமல் கிளம்புவதில்லை.

— இவ்வளவு கேட்டால் கோபப்பட மாட்டார்களா அக்கா?

— ஒருவர் போனை வைத்துவிட்டார் தம்பி. அடுத்தவர் அளந்து அனுப்பினார்; நாங்கள் போவதற்குள் ஜல்லியின் மேல் பலகையும் பரப்பி வைத்திருந்தார். விடியும் முன்பே, யாரையும் எழுப்பாமல், நானே உருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.