ஒரே கைபேசியைப் பகிரும் வீடுகளில் குழந்தைகளின் இணையப் பாதுகாப்பு: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியரான நான், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் குழந்தைகளின் இணையப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. குழந்தையின் கைபேசிப் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்ற வசதிகள் குழந்தைக்கெனத் தனிக் கணக்கு இருப்பதாகக் கொண்டே அமைந்துள்ளன. எங்கள் மாணவர்களோ வேலை முடிந்து வரும் அப்பாவின் கைபேசியைத்தான் வாங்கிப் பார்க்கிறார்கள். அதில் யூடியூப் கிட்ஸ் செயலியை நிறுவி, அந்த ஒரு செயலியை மட்டும் திரையில் நிலைநிறுத்தி, கடவு எண் இல்லாமல் வெளியேற முடியாதபடி செய்து கொடுக்கலாம் என எண்ணுகிறேன். எழுத்தறிவு குறைந்த பெற்றோருக்கு இதைக் கற்றுக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, அடி விழும் என்ற அச்சத்தில் அந்நியர் அனுப்பிய செய்தியைக் குழந்தைகள் மறைத்துவிடக்கூடும் என்பதால், திட்டாமல் விசாரிக்கும் முறையையும் குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணையும் விளக்கும் எளிய தமிழ்த் துண்டறிக்கை எவரிடமேனும் இருந்தால் பகிருங்கள்.